மாமாவுக்குப் பிறகு கோயில் கதவை நான் திறக்கலாமா?

தெற்குக்கரையான் கேட்டது:

வணக்கம். நீளமாகத்தான் வரும், பொறுத்து வாசியுங்கள். இதை எங்கட ஊரில் ஆரிட்டயும் கதைக்க முடியாது.

எனக்குக் கல்முனைக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர். வயது நாற்பது. பொதுச் சுகாதாரப் பரிசோதகராக (பி.எச்.ஐ.) வேலை. ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் கட்டாடியாராக, அதாவது பூசகராக இருப்பவர் அம்மாவின் மூத்த அண்ணன். அவருக்கு எழுபத்தாறு ஆகிறது, போன மாரியில் நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினவர். எங்கட பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்கு விளங்கும்: குடி, அதாவது குலம், தாய்வழியாக வருவது, கோயில் உரிமையும் அப்படியே. மாமாவின் பொறுப்பு அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குத்தான் வரும். அது நான்.

வருகிற வைகாசியில் கதவு திறக்கப்போவது நான் என்று கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மார் கூடி முடிவெடுத்துவிட்டார்கள். மடை என்கிற படையலுக்கு நெல் குத்தும் வீடுகளுக்கும் சொல்லியாயிற்று. ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. அம்மனிலும் இல்லை, வேறு எந்தக் கடவுளிலும் இல்லை. இருபது வருடமாக இல்லை. அது மாமாவுக்குத் தெரியாது.

சின்ன வயதில் எனக்கு அந்தக் கோயிலை விட்டால் உலகம் இல்லை. வருடம் முழுக்கப் பூட்டிக்கிடக்கிற கதவு வைகாசியில் திறக்கும். உள்ளேயிருந்து ஒரு வாசம் வரும், பழைய எண்ணெயும் காய்ந்த வேப்பிலையும் கலந்த வாசம். பிறகு கல்யாணக்கால் நடுவார்கள். ஒவ்வொரு இரவும் கண்ணகி கதையைப் பாடுகிற வழக்குரை படிப்பார்கள், உடுக்கு அடிக்கும். அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்திச் சடங்கு முடியும்வரை எங்கட வீட்டில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது, கடற்கரை ஊரில் அது எவ்வளவு பெரிய விசயம் என்று யோசியுங்கள். மாமா உள்ளே போகும்போது பந்தம் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவன் நான்தான். பத்து வயதில் பிடித்த பந்தம், இன்னும் விடவில்லை.

நம்பிக்கை ஒரு நாளில் போகவில்லை. பாதியை என் தொழில் எடுத்தது. எங்கட ஊரில் கொப்பளிப்பான், அதாவது சின்னம்மை வந்தால் "அம்மாள் வந்திருக்கா" என்றுதான் சொல்வார்கள். படலையில் வேப்பிலை கட்டுவார்கள். அந்த வேப்பிலையில் எனக்குக் குறை இல்லை. அதைக் கண்டால் வெளியாள் உள்ளே போகமாட்டான், நோயும் ஒழுங்கை தாண்டாது, நான் நோட்டீஸ் ஒட்டிச் செய்கிற வேலையை அந்தக் கொப்பு செய்கிறது. ஆனால் பெரியம்மையை யோசித்துப் பாருங்கள். எத்தனை தலைமுறைக் கிழவிகள் அதைக் குளிர்விக்கப் பாடியிருப்பார்கள்! 20ஆம் நூற்றாண்டில் மட்டும் உலகத்தில் 30 கோடிப் பேரளவில் அது கொன்றதாகக் கணக்கிடுகிறார்கள். 1796இல் ஜென்னர் மாட்டம்மைச் சீழை ஒரு பொடியனின் கையில் கீறி ஏற்றினார். அங்கே தொடங்கியது 1977இல் சோமாலியாவில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்காரரோடு முடிந்தது, இயற்கையாகப் பெரியம்மை பிடித்த கடைசி ஆள் அவர். 1980இல் உலக சுகாதார ஸ்தாபனம் நோய் ஒழிந்தது என்று அறிவித்தது. அம்மை தருகிறவளும் அவ, எடுக்கிறவளும் அவ என்றால், எடுப்பதற்கு ஏன் ஊசிக்காகக் காத்திருந்தா? பயிற்சி வகுப்பில் இந்தப் பாடம் நடந்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

மற்றப் பாதியைக் கடல் எடுத்தது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. எனக்கு 19 வயது. மாமாவின் கடைசிப் பொடியனுக்கு எட்டு. லீவு நாள் என்று கடற்கரையில் பந்தடிக்கப் போனவன். மூன்றாம் நாள்தான் கிடைத்தான், சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். நாட்டில் 35,000 பேருக்கு மேல் செத்தார்கள், கூடுதலாகச் செத்தது எங்கட அம்பாறை மாவட்டத்தில்.

கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலாம் நாள் ஊரில் ஒருவர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "பாத்தியா மனே, அம்மன்ட சக்தியை. சுவர் ஒரு இடத்திலயும் வெடிக்கல்ல." கோயில் நிற்பது கடலிலிருந்து அரைக் கட்டை, அதாவது அரை மைல் உள்ளே, மணல் மேட்டில். தண்ணீர் அங்கே ஏறவே இல்லை. அவர் ஆறுதலுக்குச் சொன்னார், தெரியும். ஆனால் அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டவ பொடியனை ஏன் பார்க்கவில்லை?

சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி குலுங்கியபோது எங்கட நேரம் காலை ஏழு ஆகவில்லை. அலை எங்கட கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு மணித்தியாலம்! எல்லாம் வல்ல ஒருவர் அலையை நிறுத்தியிருக்கத் தேவையில்லை. பூமியின் தட்டுகளைப் பிடித்து வைத்திருக்கத் தேவையில்லை. "ஓடுங்கள்" என்று ஒரு சொல் போதும். மாமாவுக்கு வைகாசியில் அம்மனின் வாக்கு வரும். அன்று காலை ஒரு சொல்லும் வரவில்லை. பசிபிக்கில் 1949இல் இருந்தே எச்சரிக்கை நிலையம் இருந்தது, எங்கட கடலுக்கு இல்லை. அதற்குப் பிறகு மனுசர் கட்டினார்கள். 2012 ஏப்ரல் 11இல் அதே பக்கம் 8.6 அளவில் குலுங்கியபோது ரேடியோ சொன்னது, போன் சொன்னது, மாமாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மேற்கே வயல் பக்கம் போனேன். பெரிய அலை வரவில்லை. ஆனால் சொல்ல முடிந்தது. எட்டு வருடத்தில் மனுசரால் முடிந்த ஒன்று.

இவ்வளவுக்கும் பிறகு, 2005 வைகாசியில், பொடியன் போய் ஐந்து மாதத்தில், மாமா குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்து வழக்கம்போலக் கதவைத் திறந்தார். கை நடுங்கவில்லை. நான் பந்தத்தோடு பக்கத்தில் நின்றேன், எனக்குள்ளே ஒன்றுமே இல்லை. அன்றுதான் தெரிந்தது, எனக்கு நம்பிக்கை முடிந்துவிட்டது என்று.

கேள்வி இரண்டு. ஒன்று, நம்பாத நான் அந்தக் கதவைத் திறப்பது சரியா? மற்றது நம்புகிற உங்களிடம்: நீங்கள் இதை எப்படித் தாங்குகிறீர்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை.

பேர்ண் வாசி எழுதியது:

மட்டக்களப்பு நகரம், இப்போது சுவிஸ். நேராகச் சொல்கிறேன், திறக்காதீர்கள். 1755 நவம்பர் 1, லிஸ்பன் நகரம், சகல புனிதர்களின் திருநாள். சனம் எல்லாம் தேவாலயங்களில் பூசையில் இருந்த நேரம் பூமி குலுங்கியது, கூரைகள் அவர்கள் மேலேயே விழுந்தன, பிறகு கடல் வந்தது, பிறகு நெருப்பு. ஐரோப்பா அன்றிலிருந்து கேட்கத் தொடங்கிய கேள்வியைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். கேட்ட பிறகும் பூசை செய்தால் உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கும் அதே இருட்டைத்தான் கொடுக்கிறீர்கள். உங்கட மாமா பாவம், வேறு வழி தெரியாதவர். உங்களுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தம்பி, படுவான்கரையில் முப்பத்தொரு வருடம் தமிழும் சைவமும் படிப்பித்தவன் நான். உங்கட கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பேர்ண் தம்பிக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கேள்விக்கு லிஸ்பன்வரை போகத் தேவையில்லை. புறநானூற்றில் 194ஆம் பாட்டு. ஒரு வீட்டில் சாப்பறை, அடுத்த வீட்டில் கலியாண மேளம். ஒருத்தி பூச்சூடி நிற்க, இன்னொருத்தி கண்ணீரோடு நிற்கிறாள். இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று பக்குடுக்கை நன்கணியார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வள்ளுவரும் 1062ஆம் குறளில், பிச்சை எடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றால் உலகத்தை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்கிறார். இரண்டையும் வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். அதனால் என் சைவம் குறையவில்லை. கேட்கத் தெரியாதவனுக்கு எங்கட மொழியில் இடமே இல்லை.

இரண்டாவது, சித்தாந்தம். நீங்கள் குற்றம் சாட்டுகிற கடவுள், ஒன்றுமில்லாததில் இருந்து எல்லாவற்றையும் உண்டாக்கிய கடவுள். எங்கட சாத்திரம் அப்படிச் சொல்லவில்லை. பதி என்கிற இறைவன், பசு என்கிற உயிர், பாசம் என்கிற கட்டு, மூன்றும் அநாதி. உயிரை இறைவன் படைக்கவில்லை, உயிரைப் பிடித்த ஆணவத்தையும் படைக்கவில்லை, அது செம்பில் களிம்பு போல என்றைக்குமே இருந்தது. களிம்பைக் கழுவ உதவுகிறவன்தான் இறைவன். வினையின் பலன் அதனதன் வழியில் வருகிறது, அவன் அதை ஊட்டுகிறான். ஆகவே "ஏன் தீமையைப் படைத்தாய்" என்ற கேள்வி எங்கட பதியிடம் போய்ச் சேராது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நீங்கள் "எல்லாம் வல்ல ஒருவர்" என்று எழுதுகிறீர்கள். கண்ணகை எல்லாம் வல்லவ என்று உங்களுக்கு ஆர் சொன்னது? குளிர்த்தி என்றால் என்ன? எரிந்துகொண்டிருக்கிற ஒருத்தியை ஊர் கூடிக் குளிர்விக்கிறது. எல்லாம் வல்ல ஒருவரை வேப்பிலையும் தண்ணீரும் பாட்டும் கொண்டு குளிர்விக்க வேண்டியதில்லை. அவ புருசனை அநியாயமாகப் பறிகொடுத்தவ. சிலப்பதிகாரத்தில் ஊர்சூழ்வரியைத் திறந்து பாருங்கள். மதுரைத் தெருவில் நின்று, இந்த ஊரில் பெண்டிர் உண்டா, சான்றோர் உண்டா என்று கேட்டுக்கொண்டு வருகிறவ கடைசியில் கேட்பது "தெய்வமும் உண்டுகொல்". ஒரு தரம் கேட்டு நிறுத்தவில்லை, திரும்பவும் கேட்கிறா. நீங்கள் பூட்டைத் திறக்கப்போகிற கதவுக்கு அங்காலே இருக்கிறவ, உங்கட கேள்வியை உங்களுக்கு முதலே கேட்டவ, தம்பி.

தெற்குக்கரையான்:

வாத்தியார் ஐயா, மூன்றாவதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருடம் வழக்குரைக்கு உடுக்குச் சத்தம் கேட்டவன், எனக்கு இது தோன்றவில்லை. நன்றி.

ஆனால் இரண்டாவதை என்னால் ஏற்க முடியாது. மரியாதையோடுதான் சொல்கிறேன். வினை என்றால் எட்டு வயதுப் பொடியனுக்கு எந்த வினை? முற்பிறப்பு என்பீர்கள். முற்பிறப்பில் என்ன செய்தான் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எதற்கு என்று சொல்லாமல் அடிக்கிற வாத்தியாரை நீங்கள் உங்கட பள்ளிக்கூடத்தில் வைத்திருப்பீர்களா? அதோடு, ஒரே காலையில் ஒரே கரையில் கைக்குழந்தையில் இருந்து கிழவர்வரை செத்தவர்கள் அத்தனை பேருக்கும் வினை ஒரே மணிக்கு முற்றியது என்று என்னால் நினைக்க முடியவில்லை. தட்டு நழுவியது, தண்ணீர் வந்தது. அதில் ஆருடைய கணக்கும் இல்லை. எனக்கு இதுதான் ஆறுதல் தருகிறது என்றால் உங்களுக்கு விளங்குமா? அவனை ஒருவரும் தண்டிக்கவில்லை.

பேர்ண் அண்ணன், நம்பிக்கை விசயத்தில் நானும் நீங்களும் ஒரு பக்கம். ஆனால் மாமாவைப் பாவம் என்று சொல்ல வேண்டாம். கொவிட் நேரம், 2020 வைகாசியில், கூட்டம் சேரக்கூடாது என்று சொல்லப் போனவன் நான். ஊரில் ஒரு பகுதி என்னைத் திட்டியது. "நோயைக் குளிர்விக்கிற சடங்கில நோயைப் பரப்பினா அம்மன் பாத்துக்கொண்டிருப்பாவா" என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பியவர் அவர். இருட்டில் இருக்கிற ஆள் இல்லை.

மருதமுனைக் காக்கா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி, நாங்க பக்கத்து ஊர்க்காரங்க. கைத்தறிக் குடும்பம். அண்டைக்கு எங்கட உம்மாவும் போனா. அறுபது வயசு. கடலுக்கும் எங்கட வீட்டுக்கும் இடையில ரெண்டு வளவுதான். தறி, நூல், சாயம் எல்லாம் கடல்ல போச்சி, அதெல்லாம் திரும்ப வாங்கலாம்.

நீங்க கேட்ட ரெண்டாவதுக்கு முதல் சொல்றன். எப்படித் தாங்குறது எண்டு. எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்டுதான். எங்கட வாப்பா உம்மாட ஜனாஸாக்கு முன்னால நிண்டு "இன்னா லில்லாஹி", நாங்க அல்லாஹ்வுக்குரியவங்க எண்டு சொன்னார், அதுக்குப் பிறகு ஒரு கேள்வியும் கேக்கல்ல. தண்ணியில மூழ்கி மௌத்தானவங்களுக்கு ஷஹீதுட, தியாகிட அந்தஸ்து எண்டு ஹதீஸ், நபிமொழி இருக்கு. வாப்பா அதைப் பிடிச்சிக்கிட்டார். அய்யூப் நபிட கதையை ஒவ்வொரு நாளும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு எங்களுக்குச் சொல்லுவார். சொத்து போய், பிள்ளைகள் போய், உடம்பு புண்ணாகியும் ரப்பை, இறைவனை விடாத நபி. வாப்பா சொன்னது எங்களுக்காக இல்ல, தனக்காகத்தான் எண்டு இப்ப விளங்குது. உங்கட நியாயத்துக்கு என்னட்ட பதில் இல்ல தம்பி. ரப்புட அறிவு என்ட அறிவுக்குள்ள அடங்காது எண்டு நம்புறன். நீங்க அதைத் தப்பிச்சிப் போற பேச்செண்டு நினைப்பீங்க. நினைச்சாலும் எனக்குக் கோவம் இல்ல.

ஆனா முதல் கேள்விக்கு என்னட்ட பதில் இருக்கு. செயல்கள் நிய்யத்தை, மனசில உள்ள எண்ணத்தைக் கொண்டுதான். எங்கட பள்ளியில முன்னுக்கு நிண்டு தொழுவிக்கிறவருக்கு அல்லாஹ்வில ஈமான் இல்லையெண்டு எனக்குப் பிறகு தெரிய வந்தா, அவர் நம்பாதது எனக்கு அவ்வளவு வலிக்காது. அது அவருக்கும் ரப்புக்கும் இடையில. எங்களுக்குச் சொல்லாம இருந்தார் பாருங்க, அதுதான் வலிக்கும். உங்கட மாமிட கூட்டாளி ஒருத்தி புள்ளைக்கு வருத்தமெண்டு மடிப்பிச்சை எடுத்து வந்து உங்கட கையிலதானே தருவா? அவ ஆரை நம்பித் தாறா? சொல்லிப்போடுங்க. ஊருக்கு வேணாம். மாமாக்குச் சொல்லுங்க. மாமா என்ன சொல்றாரோ அப்படிச் செய்ங்க.

வார்ட் தாதி எழுதியது:

நான் மட்டக்களப்பில் தாதி. பரம்பரையாக மெதடிஸ்த குடும்பம், 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து இறங்கிய கதையைத் தாலாட்டோடு கேட்டு வளர்ந்தவள். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, எனக்கு டியூட்டி. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் எழுதப்போவதில்லை. இறந்தவர்களில் பலர் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலைக்கு உடுப்புப் போட்டு வந்த பிள்ளைகள். அவ்வளவுதான் எழுத முடியும்.

அதற்குப் பிறகு ஜெபிக்க வாய் வரவில்லை. சண்டை பிடித்து விட்டவளில்லை நான். ஒரு நாள் இரவு முழங்காலில் நின்றேன், ஒரு சொல்லும் வரவில்லை, எழும்பிவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் வார்டில் ஆட்கள் கேட்பார்கள். "மிஸி, கையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு ஜெபம் சொல்லுங்க." சாகப்போகிற ஒரு மனுசி கேட்கும்போது எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்வதா? கையைப் பிடிப்பேன். அவர்களையே சொல்லச் சொல்வேன், நான் "ஆமென்" மட்டும் சொல்வேன். முதலில் இதுவும் பொய்தானே என்று குற்ற உணர்வு இருந்தது. இப்போது என்னுடைய எல்லை எனக்குத் தெரியும். கையைப் பிடிப்பேன். இயேசு உங்களைச் சுகப்படுத்துவார் என்று என் வாயால் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாத விசயம். நீங்களும் அப்படி உங்கட எல்லை எங்கே என்று பாருங்கள். கதவைத் திறப்பதா, பந்தம் பிடிப்பதா, வாக்குச் சொல்வதா? எல்லாம் ஒன்று இல்லை. வாக்குச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். "உன் பிள்ளை பிழைக்கும்" என்று ஒரு தாய்க்கு நம்பாமல் சொல்வது பெரிய பாவம். பாவம் என்ற சொல் எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது.

தெற்குக்கரையான்:

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். காக்கா சொன்னது மண்டைக்குள்ளேயே நின்றது. மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு பின்னேரம் போனேன். விறாந்தையில் இருந்து உடுக்கின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை, வேலைப்பளுவால் ஏலாது என்கிறேன் என்று நினைத்தார். திரும்பச் சொன்னேன். "எப்ப இருந்து?" என்றார். 2005 வைகாசியில் இருந்து என்றேன்.

"இருவது வருசமா என்ட பக்கத்தில நிண்டு பொய்க்குப் பந்தம் பிடிச்சனியா?"

மாமா என்னைப் பார்த்து அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. நான் காரணம் சொல்லத் தொடங்கினேன். இங்கே எழுதிய அத்தனையையும், சுவரையும், இரண்டு மணித்தியாலத்தையும், பொடியனின் பெயரையும் சொன்னேன். பெயரைச் சொன்னதும் கையைத் தூக்கினார். நிறுத்து என்று.

"அவன் என்ட புள்ள. நான் அவனைக் கிடங்கில வைச்சன். அவனை வைச்சு நீ கணக்குப் பாக்காத. இத்தனை வருசமா அவன்ட பேரை நீ மனசுக்குள்ள நியாயத்துக்கு எடுத்திருக்காய், என்னட்ட ஒரு வார்த்தை கேட்டயா?"

எனக்குப் பதில் வரவில்லை. மாமி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தா. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் நியாயம் பிழை என்று இப்பவும் நினைக்கவில்லை. பெரியம்மை, அந்த இரண்டு மணித்தியாலம், எல்லாம் நான் சொன்னது சொன்னதுதான். ஆனால் மாமா சொன்னதும் சரி. அவன் எனக்கு மச்சான், விளையாட்டுக்குத் தூக்கித் திரிந்த பொடியன், அந்த அழுகை எனக்கும் உண்டு. எங்கேயோ ஓர் இடத்தில் அவன் எனக்கு ஆதாரமாகிவிட்டான். ஒருவரோடு வாதாடும்போதெல்லாம் அவனை எடுத்து முன்னுக்கு வைத்திருக்கிறேன். முதல் கேள்வியில் அவனைப் பற்றி எழுதியதை அழிக்கலாமா என்று பார்த்தேன், எல்லாரும் வாசித்துப் பதில் எழுதிவிட்டீர்கள், விட்டுவிட்டேன். இனி எழுதமாட்டேன்.

நாலு நாள் மாமா வரவில்லை, பேசவில்லை. அம்மா இரண்டு தரம் போய் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காலை, நான் ஒபிசுக்கு வெளிக்கிடும் நேரம், படலையில் நின்றார். கையில் பொலித்தீன் பைக்குள் சுற்றிய கொப்பி. வழக்குரையை அவருடைய மாமா கையால் எழுதி வைத்த கொப்பி, ஓரம் எல்லாம் உக்கிப்போனது. இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்: சின்னம்மாவின் பொடியன் கதவைத் திறப்பான். அவனுக்குப் பதினாறு, விரதம் பிடிப்பான், நம்புகிறவன். வண்ணக்கர்மாருக்கு எனக்கு வேலையில் ஓய்வு இல்லை என்று சொல்லியாயிற்று. பந்தமும் அவன் தம்பி பிடிப்பான்.

அது கேட்டபோது எனக்கு நெஞ்சு வலித்தது. விடுதலை கேட்டவன் நான்தான். கிடைத்தபோது இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. வருடத்தில் ஒரு நாள், அந்த வாசம் முதலில் வருகிற இடத்தில் இனி நான் நிற்கமாட்டேன்.

பிறகு கொப்பியை நீட்டினார். "படிக்க ஆள் இல்ல. பழைய எழுத்து, பொடியனுக்கு விளங்காது. நீ படி." நான் நம்பாமல் எப்படி மாமா என்றேன். "அவ வழக்குக்குத்தானே வந்தவ. வழக்கை வாசிக்கிறவனுக்குக் குரல் இருந்தாக் காணும்" என்று சொல்லிவிட்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தார். மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. இன்னும் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை.

தாதி அக்கா, எல்லையைப் பற்றி நீங்கள் எழுதியது உதவியது. வாக்குச் சொல்ல எனக்கு இனி இடமே இல்லை. காக்கா, நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

தம்பி, கொப்பியில் எந்தக் காதைகள் இருக்கின்றன? கடலோட்டு காதை முழுதாக இருக்கிறதா? ஊருக்கு ஊர் பாடம் வேறுபடும். போட்டோ எடுத்து வையுங்கள், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சந்தி பிரித்து வாசிக்கக் கஷ்டம் என்றால் கேளுங்கள்.

தெற்குக்கரையான்:

கடலோட்டு காதை இருக்கிறது ஐயா, நடுவில் இரண்டு தாள் இல்லை. கொலைக்களமும் வழக்குரைத்ததும் முழுதாக இருக்கின்றன, குளிர்ச்சியும் இருக்கிறது. போட்டோ எடுத்துவிட்டேன், அனுப்புகிறேன்.

ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் சத்தமாக வாசித்துப் பழகுகிறேன். அவ சிலம்போடு அரண்மனை வாசலுக்கு வருகிற இடத்தில் குரல் இறங்கிவிடுகிறது, அங்கேதான் ஏற வேண்டும். இழுக்க வேண்டிய இடத்தில் நான் நிறுத்தினால் அம்மா குசினிக்குள் இருந்தே திருத்துகிறா. கொப்பியை ஒரு நாளும் தொட்டதில்லை அவ, காதால் கேட்டே முழுதும் பாடம். நேற்று இரவு இரண்டு தாள் இல்லாத இடத்துக்கு வந்து நின்றேன். உள்ளே கோப்பை கழுவுகிற சத்தம் நின்றது. அம்மா அந்த இரண்டு தாளையும் சொல்லத் தொடங்கினா, நான் பேனை தேடி ஓடினேன்.